பதவி உயர்வுக் கோப்பில் உள்ள கட்டுரைகளைப் படிப்பது யார்?

அருநூற்றுமலை (தாவரவியல் உதவிப் பேராசிரியர், சேலம்)

பணி மேம்பாட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்துவிட்டதால் சேலத்துக் கல்லூரிகளில் துறைக்குத் துறை கோப்புகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் துறை ஆசிரியர்களின் கோப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆய்விதழின் அட்டை, பன்னாட்டுத் தொடர் எண் தெரியும் பக்கம், கட்டுரையின் முதல் பக்கம், அந்த இதழ் உரிய பட்டியலில் இருந்ததற்கான திரைப்பதிவு ஆகியவற்றை வைக்க வேண்டும். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. நேர்காணலுக்கு வரும் வல்லுநர் அதைப் புரட்டிப் பார்ப்பதற்கான நேரமும் ஒதுக்கப்படுவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணை அறிவியல் கட்டுரைக்கு 8 மதிப்பெண்ணும் மொழி, சமூக அறிவியல் கட்டுரைக்கு 10 மதிப்பெண்ணும் தருகிறது. இதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு, உயர உயர அதற்கு மேலும் சேர்கிறது. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். கணக்கு மிகத் துல்லியமாகவே இருக்கிறது. ஆனால் ஏற்காட்டுச் சோலைகளில் பல பூக்கும் பருவங்கள் காத்திருந்து, மகரந்தச் சேர்க்கையைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த ஒருவரின் கட்டுரையும், பத்துப் பழைய கட்டுரைகளைக் கலந்து தொகுத்துக் கட்டணம் செலுத்தி ஒரு வாரத்தில் வெளியிட்ட ஒருவரின் கட்டுரையும் அந்த அட்டவணையில் ஒரே எடையைப் பெறக்கூடும். முதலாமவர் பன்னாட்டு இதழுக்கு அனுப்பியபோது 'வட்டார ஆர்வம் மட்டுமே உள்ள பொருள்' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பப்பட்டதையும் நான் அறிவேன்.

பட்டியல்களை நம்பி நாம் கழித்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியல் வந்தது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. 2019இல் அதற்குப் பதிலாக மானியக் குழுவின் 'கேர்' என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, நல்ல இதழை அடையாளம் காண்பதற்கான அளவுகோல்கள் மட்டும் அறிவிக்கப்பட்டு, பொறுப்பு அந்தந்த நிறுவனங்களிடமே விடப்பட்டது. பலரும் இதைக் கைகழுவல் என்கிறார்கள். எனக்கு இது ஒரு வாய்ப்பாகத் தோன்றுகிறது. விண்ணப்பிப்பவர் தம்முடைய ஐந்து கட்டுரைகளை மட்டும் கொடுக்கட்டும். அவற்றை அந்தத் துறையில் களப்பணி செய்த வெளியாள் இருவர் முழுவதும் படித்து, என்ன புதிது, எது ஐயத்துக்குரியது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அந்த அறிக்கை கோப்பிலேயே இருக்கட்டும். இதை நம் பகுதிக் கல்லூரிகளில் தொடங்க முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று இங்கே பேசலாம் என்று வேண்டுகிறேன்.

ஐந்துரோடு (கணினித் துறை, சுயநிதிப் பொறியியல் கல்லூரி)

மேடம், உங்கள் கோப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தைக்கப்படுவது. எங்களுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. ஊதிய உயர்வுப் படிவத்தில் 'ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை', அதாவது ஸ்கோபஸ் என்ற பன்னாட்டுத் தரவுத்தளத்தில் இடம்பெற்ற கட்டுரை எத்தனை என்பது தனிக் கட்டமாகவே இருக்கிறது. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு, அதன்மேல் தரச்சான்றுக் கோப்பு வேலை, சேர்க்கைக் காலத்தில் பள்ளி பள்ளியாகச் செல்லும் வேலை. இவை எல்லாம் முடிந்தபின் ஆண்டுக்கு இரண்டு கட்டுரை எங்கிருந்து வரும் என்று கேட்க நிர்வாகத்தில் யாருமில்லை. கேள்வி இல்லாத இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வாட்ஸாப் குழுக்களிலும் டெலிகிராம் சேனல்களிலும் அறிவிப்பு வருகிறது. தலைப்பு முன்பே முடிவாகியிருக்கும். பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.

இது சிறு இதழ்களின் நோய் மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். வைலி நிறுவனம் 2021இல் 29.8 கோடி டாலருக்கு ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வாங்கியது. அதன் சிறப்பிதழ்களுக்குள் விலைக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் போலிக் கட்டுரை ஆலைகள் புகுந்திருந்தது தெரியவந்து, 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். சிறப்பிதழுக்கு விருந்தினர் ஆசிரியர் ஒருவர் இருப்பார், கட்டுரையை வெளியிடலாமா என்று படித்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களை அவரே தேர்ந்தெடுப்பார், மதிப்பீட்டாளரும் கட்டுரை எழுதியவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் தடுக்க எவருமில்லை என்பதுதான் அதன் ஓட்டை.

நல்ல நோக்கத்தோடு வந்த விதியும் இங்கே வேறு உருவம் எடுத்துவிட்டது. 2018இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமையைத் தண்டனைக்கு வெளியே வைத்தது. உடனே எல்லாருடைய கவலையும் அந்த எண்ணைக் கீழே இறக்குவதில் போய் நின்றது. வாக்கியத்தை மாற்றியெழுதும் மென்பொருளில் போட்டு எடுத்தால் சதவீதம் இறங்கிவிடும், ஆனால் துறைச் சொற்களும் சேர்ந்து சிதைந்துவிடும். பிரெஞ்சுக் கணினியியலாளர் கில்லோம் கபனாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2021 முதல் இத்தகைய சிதைந்த தொடர்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டு வருகிறார்கள். 'ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று அச்சாகியிருந்த கட்டுரைகள் மதிப்பீட்டாளர், பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர் ஆகிய எல்லாரையும் தாண்டி வந்திருக்கின்றன. ஒருவர் ஒருமுறை படித்திருந்தால் கூட அது நடந்திருக்காது. ஆகவே, 'படிப்பது யார்' என்ற உங்கள் கேள்வி சரியானது. ஐந்து கட்டுரைத் திட்டத்தை எங்கள் நிர்வாகம் ஏற்கும் என்றுதான் எனக்கு நம்பிக்கை இல்லை.

அஸ்தம்பட்டி நூலகர்

பட்டியலால் தரம் காக்க முடியாது என்பதற்கு இரண்டு சான்றுகளைச் சேர்க்கிறேன். 2013இல் ஜான் போஹனன் என்ற அறிவியல் செய்தியாளர், லைக்கன் என்னும் கற்பாசியிலிருந்து கிடைத்த மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரையை வேண்டுமென்றே பிழைகளோடு தயாரித்து எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றுள் பெயர் பெற்ற பதிப்பகங்களின் இதழ்களும் இருந்தன. நம் நாட்டில் பூஷண் பட்வர்தன் குழுவினர் மானியக் குழுவின் பழைய பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பகுதியை ஆராய்ந்து, தாம் பார்த்த இதழ்களில் 88 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்று 2018இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த இதழ்களைப் பரிந்துரைத்தவை நம்முடைய பல்கலைக்கழகங்களே என்பதை நாம் மறக்கக் கூடாது.

அடுத்து, நான் அன்றாடம் பார்க்கும் பக்கத்தைச் சொல்கிறேன். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இது பெரிய காரியம். முன்பு ஒரு கட்டுரைக்காக ஆய்வு மாணவர்கள் பெங்களூருவில் இருக்கும் நண்பருக்கு எழுதிக் காத்திருந்த நிலை எங்கள் நூலகத்தில் இப்போது இல்லை. ஆனால் இந்த முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால், சேலத்தைச் சுற்றியுள்ள சுயநிதிக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். யாரிடம் ஆண்டுக்கு இரண்டு கட்டுரை கேட்கிறார்களோ அவருக்கே படிக்கும் வழி இல்லை என்பது ஐந்துரோடு அவர்கள் சொன்னதற்கு நான் வைக்கும் இணைப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. படிப்பதற்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்த பதிப்பகங்கள் இப்போது வெளியிடுவதற்கும் பணம் வாங்குகின்றன. 'நேச்சர்' இதழில் கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 2021இல் 9,500 யூரோ கேட்டார்கள். நம் அரசுத் திட்டத்திலும் இத்தகைய வெளியீட்டுக் கட்டணங்களுக்கென ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே வேளையில், சி. வி. ராமன் 1934இல் பெங்களூருவில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்கள் எழுதுபவரிடம் கட்டணம் வாங்காமலேயே அகாதமியின் தளத்தில் எவரும் படிக்கும்படி கட்டுரைகளை வைக்கின்றன. 'பிரமாணா', 'சாதனா' போன்ற அந்த இதழ்களுக்கு நல்ல கட்டுரைகளை அனுப்புமாறு நம் நெறியாளர்கள் சொல்வதில்லை, ஏனென்றால் தாக்கக் காரணி குறைவு. தாக்கக் காரணி குறைவாக இருப்பதற்குக் காரணம் நம் நல்ல கட்டுரைகள் அங்கே போகாததுதான். இந்தச் சுற்றை வெளியில் இருந்து யாரும் வந்து அறுக்கப் போவதில்லை.

வெள்ளைக்கல் (ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்)

இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் துறையில் எல்லாரும் அறிந்த ஒரு நிகழ்வை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி. ஜே. குப்தா, இமயமலையில் கிடைத்தவை என்று தொல்லுயிர் எச்சங்களைப் பற்றி ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் கட்டுரை கட்டுரையாக எழுதினார். வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் கூட்டாசிரியர்களாக இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலன்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் அதை அம்பலப்படுத்தினார். இமயமலையில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட மாதிரிகள் பல மொராக்கோ போன்ற அயல்நாடுகளில் விற்பனைக்குக் கிடைப்பவற்றோடு பொருந்தின. அத்தனை கட்டுரைகளும் சக ஆய்வாளர் மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை. மதிப்பீட்டாளர் முன்னால் இருந்தது எச்சத்தின் படமும் விவரிப்பும் மட்டுமே. அந்தப் பாறை அடுக்கு எங்கே, எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் என்று போய்ப் பார்த்தவர் அவர்களில் இல்லை. கூட்டாசிரியர்களும் மாதிரியை ஆய்வகத்தில் வாங்கிப் பார்த்தவர்களே தவிர, களத்தில் உடன் நின்றவர்கள் அல்லர்.

எனவே மதிப்பீடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தாளில் இருக்கும் வாதம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று ஒரு நல்ல மதிப்பீட்டாளர் சொல்லிவிடுவார். தாளுக்கு வெளியே இருக்கும் மலை உண்மையா என்று அவரால் சொல்ல முடியாது. அதற்கு மாதிரி வேண்டும், இருப்பிடம் வேண்டும், பிறகு போய்ப் பார்க்க விரும்பும் எவருக்கும் அவை கிடைக்க வேண்டும். சேர்வராயன் மலை முழுவதும் சார்னோகைட் பாறை. அதன் அடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டிய வெள்ளைக்கல் பூமியில், டுனைட் பாறையை ஊடறுத்து மாக்னசைட் நரம்புகள் ஓடுகின்றன. இந்த நரம்புகளைப் பற்றி எழுதுபவர் பாறையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தேன் என்கிறார் என்றால், அந்தச் சீவல்கள் எந்தப் பெட்டியில், எந்த எண்ணில் இருக்கின்றன என்பதைக் கட்டுரை சொல்ல வேண்டும். பல துறைகளில் ஆசிரியர் ஓய்வுபெறும் நாளன்றே அவருடைய மாதிரிகள் படிக்கட்டுக்குக் கீழே போய்விடுகின்றன. சுரங்கக் குழிகள் மூடப்பட்டோ நிரம்பியோ போன இடங்களில், அந்தப் பெட்டிதான் இனி ஒரே சான்று.

மதிப்பீடே வேண்டாம் என்று இளையவர்கள் சிலர் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். என்னுடைய தொடக்ககாலக் கட்டுரை ஒன்றுக்கு முகம் தெரியாத ஒருவர் தட்டச்சில் நெருக்கமாக எழுதிய கடிதம் வந்தது. ஒவ்வொரு சீவலையும் குறுக்கு முனைவாக்க ஒளியில் எடுத்த படம் கேட்டார். நரம்பின் சாய்வைக் களத்தில் அளந்த அட்டவணை கேட்டார். நான் எழுதாமல் விட்ட ஒரு மாற்று விளக்கத்தைத் தாமே இரண்டு பத்திகளில் எழுதி, இதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிய மாதங்களில் நான் கற்ற நிலவியல் எந்த வகுப்பறையிலும் கிடைத்ததில்லை. அந்தக் கடிதம் என்னையும் பதிப்பாசிரியரையும் தவிர வேறு எவர் கண்ணிலும் படவில்லை என்பதே எனக்கு இன்றைக்கும் உள்ள வருத்தம்.

கிளியூர் (ஆய்வு மாணவி)

ஐயா, உங்களுக்கு வந்ததைப் போன்ற கடிதம் எங்கள் தலைமுறையில் யாருக்கும் வந்து நான் கேட்டதில்லை. நான் சேர்வராயன் மலையின் மரங்களில் ஒட்டி வளரும் ஆர்க்கிடுகளில் வேலை செய்கிறேன். எனக்கு வந்த அறிக்கைகளில் ஒன்று 'மொழியைத் தாய்மொழியாளர் ஒருவரிடம் திருத்திப் பெறுக' என்பதோடு முடிந்துவிட்டது. இன்னொன்று, என் ஆய்வுக்குத் தொடர்பே இல்லாத, ஒரே ஆசிரியருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னது. ஏற்காட்டில் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. என் இனங்களில் சிலவற்றை அங்கே வளர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய ஒருவர் கையில் என் கட்டுரை போய்ச் சேர்ந்திருந்தால் அவர் என்னைக் கடுமையாகக் கேட்டிருப்பார், அந்தக் கடுமை எனக்குப் பயன்பட்டிருக்கும்.

முகவரியில் சேலம் என்று இருப்பதாலேயே கட்டுரை வேறு விதமாகப் படிக்கப்படுகிறதோ என்ற ஐயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. 2022இல் வெளிவந்த ஒரு சோதனை இதற்கு விடை சொல்கிறது. பொருளியலுக்கான நோபல் பெற்ற வெர்னான் ஸ்மித்தும் அதிகம் அறியப்படாத இளைய ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரை 500க்கும் மேற்பட்ட மதிப்பீட்டாளர்களிடம் சென்றது. ஸ்மித்தின் பெயர் மட்டும் இருந்தபோது நிராகரிக்கச் சொன்னவர்கள் 23 சதவீதம். பெயரே இல்லாதபோது 48 சதவீதம். இளையவரின் பெயர் மட்டும் இருந்தபோது 65 சதவீதம். எழுத்து ஒன்றுதான், பெயர்தான் மாறியது. இருபக்கமும் பெயர் மறைத்து மதிப்பிடுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நாகரிகமான ஏற்பாடு மட்டும் அன்று, அது வாழ்வாதாரப் பிரச்சினை.

முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை நீக்கியது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுரை எண்ணிக்கை கேட்கப்படுவதால் நடைமுறையில் பாரம் இறங்கவில்லை.

திருமணிமுத்தாறு (கௌரவ விரிவுரையாளர், வேதியியல்)

எல்லாரும் மதிப்பீட்டாளர் நன்றாகப் படிக்க வேண்டும் என்கிறீர்கள். படிப்பவர் எப்படி வாழ்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. முனைவர் பட்டம், தேசியத் தகுதித் தேர்வு எல்லாம் பெற்ற நாங்கள், நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே பாடத்தை அதே வகுப்பில் எடுக்கிறோம். ஆய்வகத்தில் வேதிப்பொருள் வாங்கும் கோப்பில் எங்கள் கையெழுத்து செல்லாது. ஆய்வு மாணவரை நெறிப்படுத்தும் உரிமையும் எங்களுக்கு இல்லை. இந்த நிலையில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பன்னாட்டு இதழிலிருந்து மின்னஞ்சல் வரும், 'உங்கள் மதிப்புமிக்க நிபுணத்துவம் தேவை, பதினான்கு நாளில் அறிக்கை தருக' என்று. நான் அதைச் செய்திருக்கிறேன். தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, நிறமாலையில் ஓர் உச்சி தவறாக அடையாளமிடப்பட்டதைக் கண்டு எழுதியிருக்கிறேன். அதற்குக் கூலி இல்லை, பணி மேம்பாட்டுப் படிவத்தில் இடம் இல்லை, எனக்கு அந்தப் படிவமே இல்லை.

மறுபுறம், எல்ஸ்வியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் ஆண்டுதோறும் 30 சதவீதத்துக்கு மேல் இயக்க லாபம் காட்டுகிறது. ஆய்வுக்குப் பொதுப்பணம், எழுதுவது நாங்கள், மதிப்பிடுவது நாங்கள், பிறகு அதையே பொதுப்பணத்தில் 6,000 கோடி கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். நூலகர் ஐயா அதைப் பெரிய காரியம் என்றார். படிக்கக் கிடைப்பது பெரிய காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தொகையில் ஒரு பங்கு நம் நாட்டு இதழ்களுக்கு முழுநேரப் பதிப்பாசிரியர்களை அமர்த்தவும், மதிப்பீட்டாளருக்கு மதிப்பூதியம் தரவும் ஒதுக்கப்பட்டிருந்தால், 2027க்குப் பிறகு நம் கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அருநூற்றுமலை மேடம் சொல்லும் ஐந்து கட்டுரைத் திட்டத்தில் வெளியாள் இருவர் படிக்க வேண்டும் என்றால், அந்த வாசிப்புக்கு என்ன ஊதியம், யாருக்கு அந்தத் தகுதி உண்டு என்பதை முதலில் எழுதுங்கள். நிரந்தரப் பேராசிரியர்கள் மட்டும்தான் என்றால் அது பழைய நேர்காணல் குழுவே வேறு பெயரில் வருவதாகும்.

ஐந்துரோடு

எனக்கு ஒரு நேரடியான அச்சம் உண்டு. 2014இல் இயந்திரக் கற்றலின் பெரிய மாநாடான நிப்ஸ், தனக்கு வந்த கட்டுரைகளில் 166ஐ இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டுரைக்கு இரு குழுவும் எதிரெதிர் முடிவு சொல்லின. ஏற்பதா மறுப்பதா என்பது இவ்வளவு தற்செயலானது என்றால், இருவர் எழுதும் அறிக்கையை ஒருவரின் பதவி உயர்வுக்கு அடிப்படையாக்குவது நியாயமா? அதோடு நம் வட்டாரம் சிறியது. யார் யாருடைய மாணவர், யார் எந்தச் சாதி, யார் எந்தச் சங்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். பெயர் போட்டு அறிக்கை எழுதினால் எழுதியவருக்கு ஆபத்து. பெயர் இல்லாமல் எழுதினால் எழுதப்பட்டவருக்கு ஆபத்து.

வெள்ளைக்கல்

தம்பி, இருவர் மாறுபட்டால் அது தோல்வி அன்று. அந்த மாறுபாட்டை மறைத்து 'ஏற்கப்பட்டது' என்ற ஒரே சொல்லாக்கி, அந்தச் சொல்லை 8 மதிப்பெண்ணாக்குவதுதான் தவறு. இரண்டு அறிக்கைகளும் கட்டுரையோடு சேர்ந்து கண்ணில் படும்படி இருந்தால், படிப்பவர் எவர் வாதம் வலுவானது என்று தாமே பார்த்துக்கொள்வார். இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 'எம்போ ஜர்னல்' 2009 முதல் மதிப்பீட்டாளர் அறிக்கைகளைப் பெயர் இல்லாமல் கட்டுரையோடு வெளியிடுகிறது. பிரிட்டனின் மருத்துவ இதழான 'பி.எம்.ஜே.' 1999இலேயே மதிப்பீட்டாளர் தம் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கும் முறைக்கு மாறியது. 'ஈலைஃப்' 2023இல் ஏற்பு, நிராகரிப்பு என்பதையே விட்டுவிட்டு, மதிப்பிட எடுத்துக்கொண்ட எல்லாக் கட்டுரைகளையும் அவற்றின் அறிக்கைகளோடு வெளியிடத் தொடங்கியது. நம் அளவுக்கு 'எம்போ' முறை பொருந்தும். எழுத்து வெளியே, பெயர் உள்ளே. எழுதியது எல்லார் கண்ணிலும் படும் என்று தெரிந்தால், இரண்டு வரி எழுதிவிட்டுப் போகக் கை வராது, வன்மத்தோடு எழுதவும் கூச்சம் வரும்.

பதவி உயர்வில் தொடங்குவதைவிட முனைவர் பட்ட ஆய்வேட்டில் தொடங்கலாம் என்பது என் கருத்து. ஆய்வேட்டை வெளித்தேர்வாளர் குறைந்தது இருவர் படித்து அறிக்கை தர வேண்டும் என்பது இப்போதே விதி. வாய்மொழித் தேர்வு பொது அவையில் நடக்கிறது, அங்கே அந்த அறிக்கைகளைப் பேசவும் செய்கிறோம். அவற்றுக்கு மதிப்பூதியமும் உண்டு. தேர்வு முடிந்ததும் அறிக்கை தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்து அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆய்வேடு மட்டும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் எல்லாரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் புதிய வேலை எதுவும் யாருக்கும் இல்லை. திருமணிமுத்தாறு அம்மா கேட்ட ஊதியக் கேள்விக்கும் இங்கே மட்டுமாவது விடை இருக்கிறது.

அஸ்தம்பட்டி நூலகர்

சோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாக ஏறுவதில்லை. தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல், பின்னிணைப்பு என்று தனித்தனிக் கோப்புகளாக எண்ணிட்டு ஏற்றுகிறோம். ஆகையால் தேர்வாளர் அறிக்கையை இன்னொரு கோப்பாகச் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. தேர்வாளரின் பெயரும் கையெழுத்தும் நீக்கிய படி ஒன்றைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகமே தர வேண்டும், நூலகம் அதைச் செய்யக் கூடாது. தேர்வாளருக்கு ஆய்வேட்டை அனுப்பும் கடிதத்திலேயே, உங்கள் அறிக்கை பெயரின்றி வெளியிடப்படும் என்ற ஒரு வரி இருக்க வேண்டும். முன்பே எழுதப்பட்ட அறிக்கைகளைப் பின்னோக்கி வெளியிடக் கூடாது.

கிளியூர்

இதை நான் வரவேற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அறிக்கையில் தேர்வாளர் கேட்ட திருத்தங்களுக்கு மாணவர் எழுதிய பதிலும் சேர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் குறைகள் மட்டும் காலத்துக்கும் நின்று, அவை சரிசெய்யப்பட்டது யாருக்கும் தெரியாமல் போகும். அரிய ஆர்க்கிடுகளைப் பற்றிய ஆய்வேடுகளில் துல்லியமான இருப்பிடத்தை வெளியிட்டால் செடிகளைப் பறித்து விற்பவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும். வெள்ளைக்கல் ஐயா கேட்கும் இருப்பிடத் தகவல் எங்கள் துறையில் உலர்தாவர மாதிரியோடு காப்பகத்தில் இருக்கட்டும். மாதிரி எண் மட்டும் ஆய்வேட்டில் இருந்தால், உண்மையான தேவை உள்ளவர் காப்பகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

அருநூற்றுமலை

கிளியூர் சொன்ன இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சேர்வராயன் மலைக்கே உரிய வெர்னோனியா செவராயென்சிஸ் போன்ற மரத்தைப் பற்றி எழுதும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும். மாதிரியைக் கல்லூரிக் காப்பகத்தில் மட்டும் வைக்காமல், இரட்டை மாதிரி ஒன்றைக் கோயம்புத்தூரில் உள்ள தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் உலர்தாவரகத்துக்கு அனுப்பினால், ஓய்வு, இடமாற்றம், படிக்கட்டுக்கு அடியிலான மறதி எதுவும் அதைத் தொடாது.

திருமணிமுத்தாறு அவர்களின் கேள்வியைக் கடந்து போக எனக்கு மனமில்லை. ஐந்து கட்டுரைகளைப் படிக்கும் வெளியாள் பதவியால் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. அந்தப் பொருளில் வெளியிட்ட ஆய்வால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும், தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் களப்பணியாளராக இருந்தாலும், ஆய்வேட்டுத் தேர்வாளருக்குத் தரும் அதே மதிப்பூதியம் அவருக்கும் தரப்பட வேண்டும். மதிப்பிட்ட பணி அவருடைய பணி அனுபவச் சான்றிதழில் இடம்பெற வேண்டும். இவை இல்லாமல் நான் சொன்ன திட்டத்தை எந்தக் குழுவிலும் முன்வைக்க மாட்டேன். 25,000 ரூபாய் என்ற ஊதியத்தை ஒரு மதிப்பூதியத்தால் ஈடுகட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அது தனிப் போராட்டம், அதில் நிரந்தர ஆசிரியர்களாகிய நாங்கள் போதிய அளவு உடன் நிற்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அதை மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை.

ஐந்துரோடு அவர்களின் நிர்வாகத்தை நம்மால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் 2025 முதல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. விலைக்கு வாங்கிய கட்டுரை இனி கல்லூரிக்கே இழப்பாகலாம் என்ற கணக்கை நிர்வாகத்தினர் விளங்கிக்கொள்வார்கள். அந்த மொழியில் அவர்களிடம் பேசுவதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆகவே, அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு நான் எடுத்துச் செல்லப் போவது ஆய்வேட்டு அறிக்கைத் திட்டத்தை மட்டும்தான். தேர்வாளருக்கான படிவத்தில் இப்போது 'பரிந்துரைக்கிறேன்', 'திருத்தத்தோடு பரிந்துரைக்கிறேன்', 'பரிந்துரைக்கவில்லை' என்ற மூன்று கட்டங்களும் கீழே சிறிது வெற்றிடமும் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, எந்த இயலின் எந்த முடிவு புதியது, அதற்கான தரவோ மாதிரியோ எங்கே இருக்கிறது, அதைத் தாங்கள் சரிபார்த்தீர்களா, எந்த மாற்று விளக்கத்தை ஆய்வாளர் இன்னும் மறுக்க வேண்டும் என்ற கேள்விகளை வைக்க வேண்டும். கடைசிக் கேள்வி வெள்ளைக்கல் ஐயாவுக்கு வந்த கடிதத்திலிருந்து எடுத்தது. படிவத்தின் வரைவை இன்றிரவு இந்த இழையிலேயே இடுகிறேன். வேதியியல், நிலவியல், கணினித் துறைகளுக்கு எங்கே மாற்ற வேண்டும் என்று அந்தந்தத் துறையினர் குறித்துத் தர வேண்டும். சரிபார்த்தீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதும் தேர்வாளரைக் குறைவாக எண்ணாதிருக்கும்படி அதைச் சொற்படுத்துவது எப்படி என்பதில் நூலகர் ஐயாவின் உதவி எனக்குத் தேவைப்படும்.